நகரமும் நதியும் – 9: கடைமடையாரின் முறையீடு

1858-ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் லண்டன் பார்லிமென்ட் மண்டபத்துக்குள்ளேயே புகுந்ததையும், பல்லாண்டுகளாகக் கமிஷன்களிலும் கமிட்டிகளிலும் உறங்கிக் கிடந்த பாதாளச் சாக்கடைத் திட்டம் அதன் பயனாகச் சில வாரங்களில் சட்டத்தின் ஆதரவைப் பெற்றதையும், மாநகர வாரியத்தின் தலைமை இஞ்சினீயரான ஜோசப் பஸல்கெட் 82 மைல் நீளத்துக்குச் செங்கற்பெருங்கால்வாய்களை நிலத்தடியில் அமைத்து நகரின் மலஜலம் முழுவதையும் கிழக்கு நோக்கித் திருப்பியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த அரும்பணியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வாந்திபேதியால் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த ஒரு மாநகரத்தின் மக்களுக்கு அது உயிர்ப்பிச்சை அளித்தது. ஆயினும் அந்தக் கால்வாய்கள் போய் முடிந்த இடங்களை நாம் இன்னும் பார்க்கவில்லை.

வடகரையில் பார்க்கிங் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள பெக்டன், தென்கரையில் கிராஸ்னஸ் என்னும் சதுப்பு நிலம் ஆகிய இவ்விரண்டு இடங்களும் அன்றைய லண்டனின் எல்லைக்கு அப்பால் இருந்தன. மாநகர எல்லைக்குள் நதியில் கழிவு கலக்கலாகாது என்பதே சட்டத்தின் கட்டளையாகையால், எல்லையைத் தாண்டியதும் கட்டளை நிறைவேறியதாகவே கருதப்பட்டது. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் கிராஸ்னஸ் நிலையத்தைத் திறந்துவைத்தபோது, அரச குடும்பத்தினரின் பெயர் சூட்டப்பட்ட நான்கு மாபெரும் நீராவி எந்திரங்கள் ஆழத்திலிருந்து கழிவுநீரை மேலே ஏற்றத் தொடங்கின; ஆனால் அவ்வாறு ஏற்றப்பட்ட நீர், எவ்விதச் சுத்திகரிப்புக்கும் உட்படாமல், பெரிய தொட்டிகளில் சில மணி நேரம் தேக்கிவைக்கப்பட்டு, ஓதம் இறங்கத் தொடங்கும் வேளை பார்த்து அப்படியே நதியில் திறந்துவிடப்பட்டது.

கடலோதம் ஏறி இறங்கும் நதிகளின் இயல்பை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் குறை உடனே விளங்கும். இறங்கோதத்தோடு கீழே சென்ற ஜலம், ஏறோதம் தொடங்கியதும் தான் சென்ற தூரத்தின் பெரும்பகுதியைத் திரும்பி வந்துவிடுகிறது. மழையில்லாத கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் சுருங்கிப்போகும்போது, பார்க்கிங்கில் விடப்பட்ட கழிவு திறந்த கடலை அடைய வாரக்கணக்கில் ஆகிறது. நாள்தோறும் இருமுறை புதிய கழிவு வந்து பழைய கழிவோடு கலக்க, அந்தக் கலவை முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டு, லண்டன்வாசிகளின் கண்ணுக்கு எட்டாத கீழ்க்கரை ஊர்களின் வாசலிலேயே கிடந்து அழுகியது. மேல்மடையில் இருப்பவன் தன் வயலைக் கவனித்தால் போதும், கடைமடையில் இருப்பவனே மேல்மடையானின் செய்கை முழுவதற்கும் பலனை அனுபவிக்கிறான் என்பதை நம் ஆற்றுப் பாசனக் குடிகள் அறிவார்கள். மேல்மடையான் அனுப்ப மறுத்த நீரைப் பற்றியது நம்மவர் வழக்கு. அவன் அனுப்பிவைத்த நீரைப் பற்றியது பார்க்கிங்காரர்களின் வழக்கு.

அந்த வழக்கு விரைவிலேயே எழுந்தது. பார்க்கிங்கின் பாதிரியாரும் ஊர்க்குடிகளும் சேர்ந்து, நதி நாறுகிறது, கரையோரங்களில் அழுகிய சேறு படிகிறது, ஜனங்களின் ஆரோக்கியம் கெடுகிறது என்று உள்நாட்டு மந்திரிக்கு மனுச் செய்துகொண்டார்கள். சுகாதார இஞ்சினீயரான ராபர்ட் ராலின்சன் 1869-இல் விசாரணை நடத்தினார். ஆனால் மாநகர வாரியம் குற்றவாளியென்று தீர்ப்பாகவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின், 1877-இல், நதிக் காவல் சபையார் கேப்டன் கால்வர் என்னும் அனுபவமிக்க கடல்நில அளவையாளரைக் கொண்டு கழிவுவாய்களின் அருகே நதிப்படுகையை ஆராய்ந்தபோது, புதிதாக எழுந்துள்ள சேற்றுத் திட்டுகள் சாக்கடையின் படிவே என்று அவர் அறிக்கை தந்தார். பஸல்கெட் அதை ஒப்பவில்லை. நதியின் இயற்கையான வண்டலே அது என்று வாதித்தார். தான் கட்டியதன் குறையைத் தானே காண்பது எத்தகைய மேதைக்கும் கடினமாகவே இருந்திருக்கிறது.

இந்தத் தர்க்கம் நிபுணர்களின் அறிக்கைகளுக்குள்ளேயே இன்னும் பல்லாண்டுகள் நடந்துகொண்டிருக்கலாம். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி மாலையில் அது பொதுமக்களின் கண்முன் வந்து நின்றது. கோடைகாலத்தின் கடைசி நாட்களை நதிக்கரைப் பூங்காக்களில் கழித்துவிட்டு, குழந்தைகளும் பெண்களும் நிறைந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் உல்லாசப் படகுக்கப்பல், நிலக்கரி ஏற்றச் சென்றுகொண்டிருந்த ‘பைவெல் காஸில்’ என்னும் பெரிய கப்பலோடு மோதி, இரண்டாகப் பிளந்து, சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. விபத்து நிகழ்ந்த இடம் அவ்விரு கழிவுவாய்களுக்கும் அண்மையில் இருந்தது. அன்றைய மாலைக் கழிவு திறந்துவிடப்பட்டும் அதிக நேரம் ஆகவில்லை. அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நீரில் விழுந்தவர்கள் விழுங்கியது எப்படிப்பட்ட ஜலம் என்பதையும், கரையேற்றப்பட்ட உடல்கள் வழக்கத்துக்கு மாறாக விரைவில் அழுகியதையும், அவற்றின்மேல் படிந்திருந்த வழவழப்பான அழுக்கைக் கழுவ முடியாமற்போனதையும் பத்திரிகைகள் எழுதின. அடையாளம் காணப்படாத பிரேதங்கள் ஒரு நூறுக்கு மேல் வுல்விச் மயானத்தில் அடக்கமாயின. விபத்துக்குக் காரணம் கப்பலோட்டிகளின் தவறே என்பதில் ஐயமில்லை; எனினும் கடைமடை ஊர்க்காரர்கள் பத்தாண்டுகளாக மனுவில் எழுதிவந்ததை, நாடு முழுவதும் அந்த ஒரு வாரத்தில் படித்து அறிந்துகொண்டது.

அதற்குப் பின்னரும் நான்கு ஆண்டுகள் சென்றன. 1882-இல் லார்ட் பிராம்வெல் தலைமையில் ஒரு ராஜாங்கக் கமிஷன் நியமிக்கப்பட்டு, 1884-இல் தன் முடிவுகளைத் தெரிவித்தது. அவ்வாண்டின் கோடை மிகக் கடுமையாயிருந்து, நதி 1858-ஐ நினைவூட்டும் அளவுக்கு நாறியது கமிஷனுடைய வாதத்துக்கு வலுவூட்டியது. கழிவைச் சுத்தப்படுத்தாமல் நதியில் விடுவது இனி அடாது. திடப்பொருள்களைப் படியவைத்துப் பிரிக்கவேண்டும். எஞ்சிய திரவத்தை நதியில் விடுவது தற்காலிக அனுமதியேயன்றி முடிவான பரிகாரமன்று என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தத் ‘தற்காலிகம்’ லண்டனில் எத்தனை தலைமுறைகளுக்கு நீண்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படியவைக்கும் வேலையைச் செய்யும் பொறுப்பு, வாரியத்தின் ரசாயன நிபுணரான வில்லியம் ஜோசப் டிப்டினிடம் வந்து சேர்ந்தது. சுண்ணாம்பும் அன்னபேதியும் சிறிதளவு கழிவுநீரில் கலந்தால், மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய அழுக்கு திரிதிரியாகத் திரண்டு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரை வடித்துவிட்டால் எஞ்சுவது கருநிறமான, பெரும்பகுதி நீராலேயே ஆன, நாற்றமுள்ள கசடு. பெக்டனில் 1889-லும், கிராஸ்னஸில் 1891-லும் இந்தத் தொட்டிகள் இயங்கத் தொடங்கின. கசட்டை என்ன செய்வதென்ற கேள்விக்குக் கிடைத்த விடை, அதையும் இன்னும் கீழே கொண்டுபோவதுதான். அதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் 1887-இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, நாள்தோறும் முகத்துவாரத்தைத் தாண்டிச் சென்று, பாரோ டீப் என்னும் கடற்பள்ளத்தில் கசட்டைக் கொட்டியது. கப்பலுக்குப் ‘பஸல்கெட்’ என்றே பெயரும் வைத்தார்கள். லண்டனின் கசட்டுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறினாலும், ஐரோப்பியச் சட்டம் தடுத்து நிறுத்திய 1998-ஆம் ஆண்டு வரையில், நூற்றுப்பத்து ஆண்டுகளாக, கடலுக்கு அந்தப் பயணம் நடந்துகொண்டேயிருந்தது. பார்க்கிங் மக்களாவது மனு எழுதினார்கள். கடற்பள்ளத்தின் அடியில் வாழும் ஜீவராசிகளுக்கு அந்த வசதியும் இல்லை.

ஆனால் இந்த டிப்டின், தொட்டிகளைக் கட்டிவிட்டு ஓய்ந்த மனிதரல்லர். அந்நாளில் சுத்திகரிப்பென்றால் மருந்து போடுவது என்றும், மருந்து கூடினால் சுத்தமும் கூடும் என்றும் பலர் நம்பினர். சுண்ணாம்பை வாரிக்கொட்டும் முறைகளுக்குப் பேடண்டுகள் குவிந்துகொண்டிருந்தன. டிப்டின் இதற்கு நேர்மாறான அபிப்பிராயத்தை 1887-லேயே இஞ்சினீயர்களின் சபையில் எடுத்துரைத்தார். கழிவை அழிப்பவை அதனுள்ளேயே வாழும் நுண்ணுயிர்கள். சுண்ணாம்பை மிகுதியாகப் போட்டால் அவை மாண்டுபோய், அழுகல் சிறிது தள்ளிப்போகுமேயன்றி நீங்காது. ஆகவே அவற்றைக் கொல்வதை விட்டு அவற்றுக்கு உகந்த சூழ்நிலையை ஏற்படுத்திக் கொடுப்பதே நிபுணனின் கடமை என்பது அவருடைய வாதம். கிருமி என்றாலே நோய் என்று பாஸ்டர், காக் ஆகியோரின் கண்டுபிடிப்புக்களால் உலகம் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில், அவற்றைத் துணைவராகக் கொள்ளச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1868-இல் தொடங்கிய நதி அசுத்தக் கமிஷனில் அங்கம் வகித்த ரசாயன மேதை எட்வர்ட் ஃபிராங்க்லண்ட், கழிவுநீரை மண்ணும் சரளையும் நிரப்பிய குழாய்களில் இடைவிட்டு இடைவிட்டு ஊற்றிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் நீர் வடிந்தபின் காற்று உட்புக அவகாசம் கொடுத்தால் வெளிவரும் நீர் தெளிந்து, அழுக்கிலிருந்த நைட்ரஜன் தீங்கற்ற நைட்ரேட்டாக மாறிவிடுவதைக் கண்டிருந்தார். அழுக்கைக் கரைத்துத் தூய்மையாக்கும் அளவுக்கு நீளமான நதி ஒன்றுகூட பிரிட்டனில் இல்லை என்று அந்தக் கமிஷன் முடிவுசெய்ததும், ஓடும் நீர் தானாகவே சுத்தமாகிவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு விழுந்த பேரடி. எனினும் மண்ணில் நிகழ்வது வெறும் ரசாயன மாறுதலே என்று ஃபிராங்க்லண்ட் எண்ணினார். 1877-இல் பாரிஸில் ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்னும் இருவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். மணல் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்ல வடியவிட்டபோது முதல் இருபது நாட்கள் எவ்வித மாற்றமும் இல்லை. அதன்பின் நைட்ரேட் தோன்றி நிலைத்தது. வெறும் ரசாயன மாறுதலாயின் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டுமல்லவா? அவர்கள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். உடனே மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, தோட்டமண் கரைத்த நீரைச் சிறிது சேர்த்தார்கள். மாற்றம் மீண்டும் உயிர்பெற்றது. மயக்கமருந்துக்கு மயங்குவது உயிராகத்தான் இருக்கவேண்டும். இவ்வளவு எளிய சாதனங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய உண்மையை நிலைநாட்டிய பரிசோதனைகள் சாஸ்திர வரலாற்றில் அதிகமில்லை.

கழிவுநீர் சேர்ந்ததும் மீன்கள் மடிவது ஏன் என்பதும் இதனால் விளங்கியது. மீனைக் கொல்வது பெரும்பாலும் விஷமன்று, மூச்சுத் திணறலே. அழுக்கை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. காற்றிலிருந்து புதிய பிராணவாயு கரைவது அதைவிட மெதுவாகவே நடப்பதால் நீர் வெறுமையாகிறது. அது முற்றிலும் தீர்ந்தபின், பிராணவாயு இல்லாமலே வாழக்கூடிய வேறு வகை உயிர்கள் தலையெடுத்து, கந்தகச் சத்தை முட்டைநாற்றமுள்ள வாயுவாக மாற்றுகின்றன. பார்லிமென்ட் உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டது இந்த வாயுவுக்காகத்தான். ஆகவே சுத்திகரிப்பு நிலையம் என்பது, நதி தன் மூச்சை இழந்து செய்யவேண்டிய வேலையை, நதிக்கு வெளியே, மனிதன் தன் செலவில் காற்றூட்டிச் செய்துமுடிக்கும் இடமாகும்.

இந்த அறிவு வந்தபின் சோதனைகள் விரைந்து பெருகின. அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் மாகாணச் சுகாதாரச் சபை, மெரிமாக் நதிக்கரையிலுள்ள லாரன்ஸ் நகரில் 1887-இல் ஒரு பரிசோதனை நிலையத்தை அமைத்து, பருக்கைக் கற்களின்மேலும் கழிவு சுத்தமாகிறது, ஆகையால் அது சல்லடையின் வேலையன்று, கற்களின்மேல் படரும் உயிர்ப்படலத்தின் வேலையே என்று காட்டியது. டிப்டின் பார்க்கிங்கில் ஓர் ஏக்கர் பரப்பில் கோக் கரிப் படுகையை அமைத்துப் பார்த்தார். ஸால்ஃபர்டில் ஜோசப் கார்பெட் கற்படுகையின்மேல் கழிவுநீரைத் தெளித்து இறக்கினார். எக்ஸிடரில் டொனால்ட் கேமரன் மூடிய தொட்டியில் அழுகவிட்டு அதற்கு ‘ஸெப்டிக் டாங்க்’ என்று பெயரிட்டார். நம் வீடுகளில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது.

சட்டமோ இவ்வளவு வேகமாக நகரவில்லை. 1876-ஆம் ஆண்டின் நதி அசுத்தத் தடைச் சட்டம், நதியைக் கெடுப்பவர்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை அந்தந்த ஊரின் சுகாதார அதிகாரிகளிடமே கொடுத்தது. கெடுப்பவர்களில் முதல்வர்கள் பெரும்பாலும் அவர்களே. குற்றவாளியையே காவற்காரனாக வைத்த சட்டம் என்ன பயன் தரும்? ஸ்தல ஸ்தாபனங்களை மேற்பார்த்துவந்த வாரியமும், கழிவுநீர் கடைசியாக நிலத்தில் பாய்ந்தே தீரவேண்டும் என்ற பழைய விதியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, புதிய முறைகளுக்குக் கடன் அனுமதி தர மறுத்தது. இச்சிக்கலைத் தீர்க்கவே 1898-இல் கழிவுநீர் ஒழிப்பு ராஜாங்கக் கமிஷன் நியமனம் பெற்றது; 1915 வரையில் பதினேழு ஆண்டுகள் அது உழைத்தது.

அந்த ஆண்டுகளுக்கு நடுவே, நதி முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் எம்ஸ்வொர்த் என்னும் சிறு துறைமுகம் சிப்பிகளுக்குப் பேர்போனது, ஜே. டி. ஃபாஸ்டர் என்னும் வணிகர் கடலோரத்தில் குளங்கள் அமைத்துச் சிப்பிகளை வளர்த்துப் பேணி வந்தார். அவ்வூருக்கு உரிய வார்பிளிங்டன் கவுன்சில் புதிய சாக்கடைக் குழாய்களை அமைத்தபோது, அவற்றின் வாய் அந்தக் குளங்களுக்கு அண்மையில் திறந்தது. சிப்பி என்பது தன்னைச் சுற்றியுள்ள நீரை ஓயாமல் உட்கொண்டு வடிகட்டி உணவு பெறும் பிராணி. நீரில் எந்தக் கிருமி இருந்தாலும் அது அதன் உடலில் திரண்டு சேர்கிறது. 1902-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி, வின்செஸ்டரிலும் சவுதாம்ப்டனிலும் நகரத் தலைவர்கள் அளித்த விருந்துகளில் எம்ஸ்வொர்த் சிப்பிகள் பரிமாறப்பட்டன. விருந்துண்டவர்கள் பலர் டைஃபாய்டு ஜுரத்தில் படுத்தார்கள்; வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு உட்படச் சிலர் மாண்டார்கள். அரசாங்க மருத்துவரான புல்ஸ்ட்ரோட் துருவி விசாரித்து, குற்றம் சிப்பியினுடையதன்று, சாக்கடையினுடையது என்று நிறுவினார்.

சிப்பி விற்பனை அடியோடு நின்றது. தலைமுறை தலைமுறையாக அதையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நலிந்தன. ஃபாஸ்டர் தம்முடைய ஊர்க் கவுன்சிலையே எதிர்த்து நீதிமன்றம் ஏறினார். பொதுநன்மைக்காகச் சாக்கடை அமைத்தோம் என்னும் சமாதானம் அங்கே எடுபடாமல், 1906-இல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. ஒரு நகரசபை தன் குடிகளின் வீட்டுக் கொல்லையைச் சுத்தமாக்கிய காரணத்தால் பிறனுடைய நீரைக் கெடுக்கும் உரிமையைப் பெற்றுவிடவில்லை என்பதை, அந்த எளிய வணிகரின் வழக்கு தெளிவாக்கியது. இந்தத் துறையின் வரலாற்றில் இஞ்சினீயர்களுக்கும் ரசாயனிகளுக்கும் சிலைகள் உண்டு. மனு எழுதிய பார்க்கிங் பாதிரியாருக்கும் வழக்காடிய சிப்பி வணிகருக்கும் அதே வரிசையில் இடம் தரவேண்டுமென்பது என் துணிபு. அவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எதையும் கண்டுபிடித்திருக்கத் தேவை நேர்ந்திராது.

கமிஷனின் அறிக்கைகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 1912-இல் வெளிவந்த எட்டாவது அறிக்கை. எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற கேள்விக்கு அதுதான் எண்ணால் விடை சொன்னது. நீரின் ஒரு மாதிரியை எடுத்து, ஐந்து நாட்கள் குறிப்பிட்ட வெப்பத்தில் மூடிவைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கின்றன என்று அளப்பதே அவர்கள் கைக்கொண்ட சோதனை. ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவை இழுக்கும் நதி, கோடையில் உபத்திரவமாக மாறக்கூடும் என்று பல நதிகளை ஆராய்ந்து கண்டார்கள். ஓரளவு தூய நதிநீர் 2 மில்லிகிராம் இழுப்பது. அத்தகைய நீர் எட்டுப் பங்கோடு சுத்திகரித்த கழிவுநீர் ஒரு பங்கு சேர்ந்து, மொத்தம் 4-ஐத் தாண்டாமலிருக்க வேண்டுமாயின், கணக்குப் போட்டுப் பார்த்தால் கழிவுநீர் 20-க்கு மேற்படலாகாது என்று வரும். மிதக்கும் அழுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று இதனோடு சேர்த்தார்கள். இவ்வாறு பிறந்த 20, 30 என்னும் இரண்டு எண்களும் உலகமெங்கும் பரவி, நம் தேசத்திலும் பல்லாண்டுகள் அளவுகோலாக வழங்கின.

பரவிய வேகத்தில் அவற்றின் நிபந்தனை மட்டும் பின்தங்கிப் போயிற்று. எட்டுப் பங்கு நல்ல நீர் நதியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த எண்கள் பொருந்தும் என்று கமிஷனார் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நீர்வளம் குறைந்த இடத்தில் அதிகக் கண்டிப்பும், மிகப் பெரிய நதியில் தளர்வும் வேண்டும் என்பதே அவர்கள் முறை. வருஷத்தில் பல மாதங்கள் தனக்கென ஒரு துளி நன்னீரும் இல்லாத கூவத்தையும் அடையாற்றையும் போன்ற ஆறுகளில் எட்டுப் பங்கு எங்கிருந்து வரும்? அங்கே கழிவுநீரே நதியாகிவிடுகிறது. ஆகையால் 20 என்பது அங்கே போதுமான காப்பன்று. மழைநாட்டின் நதிகளுக்கு வகுத்த விதியை வறண்ட நாட்டின் ஆறுகளுக்கு அப்படியே எடுத்தாண்டதன் பலனை நம் கடற்கரைகள் இன்றளவும் அனுபவிக்கின்றன.

எண் கிடைத்தது, அந்த எண்ணை எட்டுவதற்கு ஏராளமான நிலம் வேண்டியிருந்தது. கற்படுகைகளுக்கு ஏக்கர் ஏக்கராக இடம் தேவை. தொழிற்சாலைகள் நெருங்கிய வட இங்கிலாந்து நகரங்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. 1894 முதல் டேவிஹ்யூம் என்னுமிடத்தில் சுத்திகரிப்பு நிலையம் நடத்திவந்த மான்செஸ்டர் நகரசபைக்கு ஆலோசகராயிருந்த கில்பர்ட் ஃபவுலர் என்னும் நிபுணர், நியூயார்க் துறைமுகத்தின் அசுத்தத்தைப் பற்றி யோசனை கூற 1912-இல் அமெரிக்கா சென்றவர், லாரன்ஸ் நிலையத்தையும் பார்த்தார். அங்கே கிளார்க், கேஜ் என்னும் இருவர் கண்ணாடிப் புட்டிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றூதி, பாசி வளரவிட்டுச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்த ஃபவுலர், டேவிஹ்யூமில் வேலைசெய்த எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இரண்டு ரசாயனிகளிடம் தாம் கண்டதைச் சொல்லி, அதைப்போல் செய்து பார்க்கச் சொன்னார்.

அவர்கள் புட்டிகளைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றினார்கள். வெளிச்சம் இல்லாததால் பாசி வளரவில்லை. காற்றை மட்டும் இடைவிடாமல் ஊதிக்கொண்டிருக்க, முதற்புட்டியிலிருந்த கழிவு முற்றிலும் சுத்தமாக ஐந்து வாரங்கள் பிடித்தன. அத்தோடு நிறுத்தியிருந்தால், நடைமுறைக்கு உதவாத ஆராய்ச்சி என்று அது மறக்கப்பட்டிருக்கும். அதுகாறும் இத்தகைய சோதனைகள் செய்தவர்கள், ஒரு சோதனை முடிந்ததும் புட்டியைக் கழுவி, அடியில் தங்கிய கசட்டை எறிந்துவிட்டு, அடுத்த சோதனையைப் புதிதாகத் தொடங்குவது வழக்கம். ஆர்டர்னும் லாக்கெட்டும் காற்றை நிறுத்தி, கசடு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, கசட்டைப் புட்டியிலேயே விட்டுவைத்து, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். இரண்டாவது முறை கழிவு முன்னைவிட விரைவில் சுத்தமாயிற்று. மூன்றாவது முறை அதைவிட விரைவில். மறுபடி மறுபடி இவ்வாறே செய்ய, கசடு சிறிது சிறிதாகப் பெருகியது. சுத்தமாகும் காலம் வாரங்களிலிருந்து நாட்களுக்கும், நாட்களிலிருந்து மணிகளுக்கும் சுருங்கி, கடைசியில் ஒரு நாளுக்கும் குறைவாகிவிட்டது. நேற்றைத் தயிரில் ஒரு கரண்டியை மிச்சம் வைத்து இன்றைப் பாலில் உறை குத்தும் நம் வீட்டுப் பெண்கள், அவர்கள் செய்ததன் தத்துவத்தை ஒரு நொடியில் அறிந்துகொள்வார்கள். அந்தக் கசடு அழுக்கின் மிச்சமன்று. அழுக்கை உண்டு கொழுத்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அடுத்த உணவுக்குக் காத்திருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களின் கூட்டம். கப்பல் கட்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிய பொருளின் ஒரு பகுதிக்குள்ளேயே, அத்தனை நாள் தேடிய மருந்து இருந்தது.

1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, மான்செஸ்டர் கிராண்ட் ஹோட்டலில் கூடிய ரசாயனத் தொழிற் சங்கத்தின் கூட்டத்தில் அவ்விருவரும் தங்கள் கட்டுரையைப் படித்தார்கள். ‘உயிரூட்டிய கசடு’ என்னும் பொருள்பட அவர்கள் சூட்டிய பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. முறை எளிமையானது: ஒரு தொட்டியில் கழிவுநீரோடு கசட்டைக் கலந்து காற்றூட்டுவது; அடுத்த தொட்டியில் கசட்டைப் படியவைத்துத் தெளிந்த நீரை வெளிவிடுவது; படிந்த கசட்டில் தேவையான பங்கை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது. கற்படுகைகளுக்கு வேண்டிய நிலத்தில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும். அவ்வாண்டின் ஆகஸ்டு மாதத்தில் மகாயுத்தம் மூண்டு, மனிதரும் இரும்பும் பணமும் அதற்கே செலவான போதிலும், 1916-இல் வூஸ்டர் நகரம் தன் கழிவு முழுவதையும் இம்முறையால் சுத்தம் செய்யத் துணிந்தது. விதையைக் கொண்டுவந்து கொடுத்த ஃபவுலர் அதே ஆண்டில் நம் நாட்டுக்கு வந்து, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். அவருடைய வருகையால் இங்கே எழுந்த ஆராய்ச்சிகளைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதவேண்டும்.

லண்டன் மட்டும் அவசரப்படவில்லை. பெக்டனிலும் கிராஸ்னஸிலும் கசட்டைப் படியவைத்துக் கப்பலேற்றியதோடு வேலை முடிந்தது. 1890-களில் கீழ்நதிக்குச் சில மீன்கள் திரும்பிவந்ததைக் கண்ட அதிகாரிகள் அதுவே போதுமென்று எண்ணினார்கள். பிராம்வெல் கமிஷன் தற்காலிகமாக அனுமதித்த திரவமோ, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான காலன் அளவில், தன் பிராணவாயுத் தேவை பெரும்பாலும் தீராமலே நதியில் இறங்கிக்கொண்டிருந்தது. நகரின் ஜனத்தொகை பெருகியது; மேற்கிலும் கிழக்கிலும் புதிய புறநகரங்கள் தங்கள் பங்குக்குச் சிறு சிறு நிலையங்களைத் திறந்தன; இரண்டாவது மகாயுத்தம் குழாய்களையும் தொட்டிகளையும் சிதைத்தது; அதன்பின் வீடுதோறும் புகுந்த செயற்கைச் சோப்புப்பொடிகள் நீரில் காற்றுக் கரைவதையே தடுத்தன. 1957-இல் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த ஆல்வின் வீலர் தேம்ஸின் மீன்களைக் கணக்கெடுத்தபோது, கியூ முதல் கிரேவ்ஸெண்ட் வரையில், மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிடவல்ல விலாங்கைத் தவிர, நிலையாக வாழும் மீனினம் ஒன்றையும் காணவில்லை. பிப்பர்ட் கமிட்டி அதற்கு முன்பே, 1951-இல், நியமனமாகி நதியின் பிராணவாயுக் கணக்கை மைல் மைலாக எழுதத் தொடங்கியிருந்தது. அந்தக் கணக்கைத்தான் அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.